தானிய மணம் கெடாமல் ஒரு யெனேவர் காக்டெயில்

ஆம்ஸ்டர்டாமில் டாம் சதுக்கத்தை ஒட்டி பெய்ல்ஸ்டேக் என்று ஒரு குறுகிய சந்து இருக்கிறது. 1679-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் வைனாண்ட் ஃபோக்கிங்க் என்ற வடிசாலையின் சுவைக்கூடம் அங்கேதான். நின்றுகொண்டே குடிக்கிற இடம். மேடைக்குப் பின்னால் இருப்பவர் துலிப் பூ வடிவத்தில் ஒரு குட்டிக் கிளாஸை நம் முன்னால் வைத்து, யெனேவர் என்ற டச்சுச் சாராயத்தை ஊற்ற ஆரம்பிப்பார். விளிம்பு வந்த பிறகும் நிறுத்த மாட்டார். திரவம் விளிம்புக்கு மேலே லேசாகப் புடைத்து, இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் வழிந்துவிடும் என்கிற கட்டத்தில்தான் பாட்டிலை நிமிர்த்துவார். கையில் எடுத்தால் சிந்திவிடும். அதனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, முதல் வாயைக் கிளாஸிலிருந்து அப்படியே உறிஞ்ச வேண்டும். அங்கே காலங்காலமாக இருக்கும் வழக்கம் இது.

குனியும்போது வாய்க்கு முன்னால் மூக்கு போய்ச் சேர்ந்துவிடும். ஜின் மாதிரி ஏதோ ஒன்று வரப்போகிறது என்று நினைத்துக் குனிபவருக்கு அங்கே வேறொரு வாசனை காத்திருக்கும். புதிதாகத் திறந்த ஹார்லிக்ஸ் பாட்டில், அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் மேல்தோல், ராகி மால்ட் காய்ச்சும்போது எழும் ஆவி, இவற்றுக்கெல்லாம் பக்கத்தில் நிற்கிற மணம். ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காயின், பைன் மரத்தை நினைவூட்டும் வாசம் அதற்குப் பின்னால்தான் வரும்.

இந்தத் தானிய மணம்தான் யெனேவர். அதை வைத்துக் காக்டெயில் செய்யும்போது நாம் செய்கிற ஒவ்வொன்றும் அந்த மணத்தைக் காப்பதற்காக இருக்க வேண்டும். சர்க்கரை எவ்வளவு, பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாறு எத்தனை சொட்டு, ஏன் ஷேக்கரில் குலுக்காமல் கரண்டியால் கலக்குகிறோம் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிடைக்கிறது. செய்முறையை மனப்பாடம் செய்வதைவிட இதைப் புரிந்துகொள்வது நல்லது. புரிந்தால் எந்த பாட்டில் கையில் கிடைத்தாலும் சமாளிக்கலாம்.

முதலில் பெயர். நெதர்லாந்துக்காரர்கள் 'யெனேவர்' என்கிறார்கள். ஜூனிப்பருக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் இதை 'ஜெனிவா' என்று எழுதி, அதையும் சுருக்கி 'ஜின்' ஆக்கினார்கள். சுவிட்சர்லாந்து நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சில்வியஸ் இதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அவர் பிறந்தது 1614-இல். டச்சுக்காரர்கள் 1606-லேயே யெனேவருக்கு வரி போட்டுவிட்டார்கள். ஆக, அந்தக் கதை நிற்காது. டச்சு இளவரசர் வில்லியம் 1689-இல் இங்கிலாந்தின் அரசரானார். அதன்பிறகு லண்டனில் ஜின் பெருகியது, போகப்போகத் தனி வழியில் போய் வேறு பானமாகவே மாறிவிட்டது.

எப்படி வேறு என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இன்றைய ஜின்னுக்கு அடிப்படை, வாசனை நீக்கப்பட்ட வெறும் ஆல்கஹால். நெடுங்கலம் என்ற உயரமான தூண்போன்ற வடிகலத்தில் வடித்து ஏறக்குறைய 96 சதவீதத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அது எந்தத் தானியத்திலிருந்து வந்தது என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. அந்த வெற்றுப் பலகையில் ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல் முதலியவற்றால் கோலம் போடுவதுதான் ஜின். யெனேவரில் பலகைக்கே மணம் உண்டு. ரை, மக்காச்சோளம், முளைகட்டிய பார்லி ஆகியவற்றை அரைத்து, வெந்நீரில் கரைத்து, நொதிக்கவிட்டு, செம்பு அண்டாவில் மூன்று முறை வடிக்கிறார்கள். மூன்றாவது வடிப்பில் கிடைப்பது சுமார் 46 முதல் 48 சதவீதம்தான். ஆல்கஹாலின் அளவைக் குறைவாக நிறுத்துவதால் தானியத்தின் எண்ணெயும் மணமும் அதோடு கூடவே வந்துவிடுகின்றன. இதன் பெயர் மவுட்வைன். மவுட் என்றால் மால்ட். பெயரில் வைன் இருந்தாலும் திராட்சைக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. உண்மையில் முதிராத விஸ்கிக்கு நெருங்கிய உறவு இது. இந்த மவுட்வைனோடு, ஜூனிப்பரும் பிற மூலிகைகளும் சேர்த்து வடித்த சாராயத்தைக் கலப்பதே யெனேவர்.

மவுட்வைனின் தலைநகரம் ராட்டர்டாமுக்குப் பக்கத்திலுள்ள ஸ்கீடாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சின்ன ஊரில் ஏறக்குறைய 400 வடிசாலைகள் இருந்தன. அத்தனை உலைகளின் நிலக்கரிப் புகையால் ஊரே கறுத்துப்போய், 'கறுப்பு நாசரேத்' என்ற பட்டப்பெயர் வந்தது. தானியம் அரைக்கக் காற்றாலைகள் வேண்டும், ஆனால் சுற்றிலும் உயரமான கிடங்குகள் காற்றை மறைத்தன. அதனால் கிடங்குகளுக்கு மேலே தலையை நீட்டும்படி காற்றாலைகளைக் கட்டினார்கள். உலகத்திலேயே உயரமான பழைய பாணிக் காற்றாலைகள் இன்றும் அங்கே நிற்கின்றன, டி நோர்ட் என்பதன் உயரம் 33 மீட்டருக்கும் மேல். வடித்தபிறகு மிஞ்சிய தானியச் சக்கை மாட்டுக்குப் போனது, ஈஸ்ட் ரொட்டிக் கடைக்குப் போனது. யெனேவரில் ரொட்டி மணம் வருவதாக நான் சொன்னதை வெறும் உவமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தானியமும் ஈஸ்டும் இரண்டுக்கும் பொது.

இனி கடையில் பாட்டில் வாங்கும் விஷயம். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். லேபிளில் 'ஔடே' என்றோ 'யோங்கே' என்றோ போட்டிருக்கும். டச்சில் முதலாவது 'பழைய', இரண்டாவது 'இளைய'. உடனே எத்தனை வருடம் பீப்பாயில் இருந்தது என்று கேட்கத் தோன்றும். வருடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய பாணி, புதிய பாணி, அவ்வளவுதான். நெடுங்கல வடிப்பு வந்து மலிவான வெற்று ஆல்கஹால் தாராளமாகக் கிடைத்தது. முதல் உலகப்போரில் தானியத்துக்குத் தட்டுப்பாடும் வந்தபோது, மவுட்வைனைக் குறைத்துச் செய்த புதுப் பாணி ஊன்றிவிட்டது. அதுதான் யோங்கே. சட்டப்படி யோங்கேயில் மவுட்வைன் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, சர்க்கரை லிட்டருக்கு 10 கிராமுக்குமேல் போகக்கூடாது. ஔடேயில் மவுட்வைன் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும், சர்க்கரை 20 கிராம் வரை போகலாம். கோரன்வைன் என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதில் குறைந்தது 51 சதவீதம் மவுட்வைன். யெனேவர் என்ற பெயருக்கு 2008 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. நெதர்லாந்து, பெல்ஜியம், பக்கத்திலுள்ள பிரான்ஸ், ஜெர்மனியின் சில பகுதிகள் தவிர வேறெங்கும் செய்து அந்தப் பெயரில் விற்க முடியாது.

நம் காக்டெயிலுக்கு ஔடே வாங்குங்கள், அல்லது கோரன்வைன். யோங்கே வேண்டாம். அது கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை. ஃப்ரீசரில் வைத்து, ஜில்லென்று, கூடவே ஒரு பியரோடு குடிக்க அது அருமையானது. ஆனால் ஐஸில் கலக்கி நீர் சேர்ந்ததும் அதிலுள்ள கொஞ்சநஞ்சத் தானிய மணமும் கரைந்து போய்விடுகிறது. நான் முதல் தடவை செய்தது யோங்கேயில், அதுவும் ஷேக்கரில் போட்டுக் குலுக்கி. சர்க்கரைத் தண்ணீரில் ஜூனிப்பர் போட்ட மாதிரி வந்தது. மேலே சோப்பு நுரைபோல ஒரு படலம். அதே சர்க்கரை, அதே பிட்டர்ஸ் வைத்து ஔடேயில் கரண்டியால் கலக்கிச் செய்த அடுத்த தடவைதான் இந்தப் பானம் என்ன என்பதே எனக்குப் பிடிபட்டது.

பாட்டிலில் ஆல்கஹால் அளவையும் பாருங்கள். பல ஔடேக்கள் 35 சதவீதம்தான். போல்ஸ் நிறுவனம் வெளிநாடுகளுக்கு அனுப்பும் யெனேவர் 42 சதவீதம், மவுட்வைனும் பாதிக்குமேல், அதனால் காக்டெயிலுக்கு எளிது. 35 சதவீதப் பாட்டிலிலும் நன்றாகவே செய்யலாம், அதற்கு ஒரு சின்ன மாற்றம் வேண்டும். பின்னால் சொல்கிறேன்.

காக்டெயில் அமெரிக்க விஷயமாயிற்றே, இதில் டச்சு மரபு எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1806-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகருக்குப் பதில் சொன்னது: ஏதேனும் ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். நான்கே பொருள். இப்போது நெதர்லாந்தின் பழைய குடி வழக்கத்தைப் பாருங்கள். மாலையில் ஒரு சின்னக் கிளாஸ் குடிப்பதற்கு அங்கே 'போரல்' என்று பெயர். யெனேவரில் சர்க்கரை போட்டு, கலக்க ஒரு குட்டிக் கரண்டியோடு கொடுப்பது ஒரு வழக்கம். கசப்பு மூலிகைச் சாறு விட்டுக் குடிப்பது இன்னொரு வழக்கம், அதை 'பிட்டர்ட்யே' என்பார்கள், கசப்புக் குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, சாராயமும் சர்க்கரையும் கசப்பும் அங்கேயே இருந்தன. இல்லாதது குளிர்ச்சியும், அந்தக் குளிர்ச்சியோடு வரும் நீரும்தான்.

அதை ஐஸ் கொண்டுவந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கில் ஏரிகள் உறைந்ததும் ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றார்கள். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் இதில் பேர்போனவர். அவருடைய ஐஸ் சென்னை வரைக்கும் வந்தது. அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய கிடங்குதான் மெரினா கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அமெரிக்க மதுச்சாலைகளில் காக்டெயிலைச் சில்லென்று கொடுக்க முடிந்ததற்கும், மெரினாவில் அப்படி ஒரு கட்டடம் நிற்பதற்கும் காரணம் ஒரே வியாபாரம் என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் வியப்பாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஜின் என்றால் பெரும்பாலும் 'ஹாலண்ட் ஜின்', அதாவது யெனேவர். 1862-இல் ஜெர்ரி தாமஸ் என்ற பார்டெண்டர் அச்சில் கொடுத்த ஜின் காக்டெயிலின் அளவு இப்படி: ஒரு வைன் கிளாஸ் ஜின், மூன்று நான்கு சொட்டு சர்க்கரைப் பாகு, இரண்டு சொட்டு பிட்டர்ஸ், ஒன்றிரண்டு சொட்டு குராசாவ், ஒரு துண்டு எலுமிச்சைத் தோல். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் போட வேண்டும். அந்தக் கால வைன் கிளாஸ் என்பது இன்றைய கணக்கில் சுமார் 60 மில்லி. நாம் செய்யப்போவதும் ஏறக்குறைய இதுவேதான்.

குராசாவ் இதில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவை டச்சுக்காரர்கள் 1634-இல் பிடித்தார்கள். அதற்கு முன்பே ஸ்பானியர்கள் அங்கே ஆரஞ்சு நட்டிருந்தார்கள். வறண்ட மண்ணில் பழம் வாயில் வைக்க முடியாத கசப்பாகிவிட்டது. ஆனால் அதன் தோலைக் காயவைத்தால் அப்படி ஒரு மணம்! அந்தத் தோலிலிருந்து வந்த இனிப்பு மதுதான் குராசாவ். யெனேவரும் குராசாவும் ஒரே கிளாஸில் சேரும்போது டச்சுக் கப்பல் போன பாதையின் இரண்டு முனைகள் ஒன்று சேர்கின்றன. நீல நிறச் சாயம் போட்டது வேண்டாம், நிறமில்லாததோ ஆரஞ்சு நிறமோ வாங்குங்கள்.

இப்போது கலக்குவதா, குலுக்குவதா என்பதற்கு வரலாம். ஷேக்கரில் குலுக்கினால் மூன்று விஷயம் நடக்கும். பானம் குளிரும், நீர் சேரும், காற்றுக் குமிழ்கள் புகும். எலுமிச்சைச் சாறு, முட்டை வெள்ளை, பால் மாதிரி கனமான பொருள்கள் இருந்தால் அந்தக் குலுக்கல் தேவை, இல்லாவிட்டால் ஒன்றோடொன்று சரியாகச் சேராது. நம் கிளாஸில் இருப்பதெல்லாம் தெளிவான திரவம். அவை தாமாகவே சேர்ந்துவிடும், காற்றுக்கு வேலை இல்லை. காற்று புகுந்தால் பானம் கலங்கி, நாக்கில் மெலிந்து, தானியத்தின் அந்த எண்ணெய்ப் பதம் காணாமல் போகும். கரண்டியால் கலக்கினால் குளிரும், நீரும் மட்டும் சேரும். பானம் பட்டுத்துணி மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கும்.

நீர் சேர்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், அது வேண்டியதுதான். 1806-இன் நான்கு பொருளில் தண்ணீரும் ஒன்று என்பதை மறக்காதீர்கள். அதுவுமில்லாமல், நீர் சேராமல் ஐஸால் குளிர்விக்கவே முடியாது. கணக்கைப் பாருங்கள். வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் 1 கிராம் ஐஸ், உருகாமல் பூஜ்யத்துக்கு ஏறும்போது சுமார் 9 கலோரி வெப்பத்தை இழுக்கிறது. அதே 1 கிராம் உருகும்போது இழுப்பது 80 கலோரி. வேலையில் பெரும்பங்கைச் செய்வது உருகுதல்தான். பூஜ்யத்தில் உருகும் ஐஸை வைத்துப் பானத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே எப்படிக் கொண்டுபோகிறோம்? குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே உருகும், பானைக்குள் பால் உறைந்துவிடும். இங்கே உப்பின் இடத்தில் ஆல்கஹால் இருக்கிறது. அதனால்தான் நன்றாகக் கலக்கிய காக்டெயில் மைனஸில் சில டிகிரி வரை போகிறது.

சரி, செய்யலாம்.

சர்க்கரைப் பாகை முந்தின நாளே செய்து வைத்துவிடுங்கள். 100 கிராம் சர்க்கரைக்கு 50 மில்லி தண்ணீர், சின்னத் தீயில், சர்க்கரை கரைகிற வரைக்கும் மட்டும். கம்பிப் பதமெல்லாம் போகக்கூடாது, போனால் ஐஸில் பட்டதும் அடியில் கட்டியாகிவிடும். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். குடிக்கப்போகும் கிளாஸையும், கலக்கப்போகும் கிளாஸையும் அரைமணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் இது மிகவும் முக்கியம். சூடான கண்ணாடி ஐஸின் பலத்தில் பாதியைத் தானே குடித்துவிடும், பானம் குளிரும் முன்பே தண்ணீராகிவிடும். குடிக்கும் கிளாஸ் சின்னதாக, காம்பு வைத்ததாக, 120 முதல் 150 மில்லி பிடிப்பதாக இருந்தால் போதும். காம்பு எதற்கென்றால் உள்ளங்கைச் சூடு படாமல் பிடிக்க.

ஐஸ் கட்டி பெரிதாக இருக்கட்டும். பொடி ஐஸ் வேண்டாம், கடையில் வாங்கிப் பாதி உருகிய ஐஸும் வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு, மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும் உலர்ந்த கட்டிதான் நல்லது. விரலில் தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும். ஈரமாக வழுக்கினால் அது ஏற்கெனவே உருக ஆரம்பித்துவிட்டது, அந்த ஈரமெல்லாம் உங்கள் பானத்தில்தான் சேரும்.

கலக்கும் கிளாஸில் முதலில் பிட்டர்ஸ் இரண்டு சொட்டு. அங்கோஸ்டுரா நன்றாக இருக்கும், ஆரஞ்சு பிட்டர்ஸ் கிடைத்தால் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு. சொட்டு என்று சொன்னாலும், பாட்டிலைக் கவிழ்த்து ஒரு உதறு உதறினால் வருகிற அளவு. பிறகு பாகு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. குராசாவ் 5 மில்லி. கடைசியாக ஔடே யெனேவர் 60 மில்லி. விலை குறைந்ததை முதலில் ஊற்றுவது பார்டெண்டர்களின் நல்ல பழக்கம், கை தவறினால் கொட்டுவது பாகு மட்டுமாக இருக்கும். அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம். 5 மில்லி பாகு 8 மில்லி ஆனால் இந்தச் சின்னப் பானத்தில் நன்றாகவே தெரியும்.

இப்போது ஐஸ். கிளாஸில் முக்கால் பங்கு நிரம்பும்படி போடுங்கள். திரவம் பட்டதும் கட்டிகள் படபடவென்று விரிசல் விடும், அந்தச் சத்தம் ஐஸ் நல்ல குளிராக இருக்கிறது என்பதற்கு அடையாளம். நீளமான கரண்டியை உள்ளே விட்டு, அதன் முதுகு கண்ணாடியின் உட்சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். இனி சுவரை ஒட்டியே சுற்றுங்கள். காபி டம்ளரில் சர்க்கரை கலக்குவதுபோல் கிளறக்கூடாது. கரண்டி சுற்ற, ஐஸ் மொத்தமும் ஒரே உருண்டைபோல் சேர்ந்து சுழல வேண்டும். சரியாகச் சுற்றினால் சத்தமே வராது. கடகடவென்று சத்தம் வந்தால் கட்டிகள் மோதி உடைகின்றன, நீர் அதிகமாகிறது என்று அர்த்தம். மணிக்கட்டைத் தளர்த்தி, கரண்டித் தண்டை விரல்களுக்குள் உருளவிட்டால் தானாக வரும். நான்கைந்து தடவை வெறும் தண்ணீரும் ஐஸும் வைத்துப் பழகினால் போதும்.

எவ்வளவு நேரம்? 30 விநாடி என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆனால் கடிகாரத்தைவிட நாக்கை நம்புவது நல்லது. அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு ஸ்ட்ராவை பானத்தில் விட்டு, மேல் முனையைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்தால் சில துளி வரும். கலக்கும் முன் ஒரு தடவை, 15 விநாடியில் ஒரு தடவை, 30-இல், 45-இல், 60-இல் என்று ருசித்துப் பாருங்கள். கலக்கும் முன் காரமும் இனிப்பும் தனித்தனியாகக் குத்தும். 15-இல் குளிர் வந்திருக்கும், ஆனால் ஆல்கஹால் இன்னும் மூக்கில் ஏறும். 30 வாக்கில் திடீரென்று எல்லாம் அடங்கி, ரொட்டி வாசனை முன்னால் வரும். நாம் தேடியது அதுதான். 60-இல் அது மறுபடி மங்கி, இனிப்புத் தண்ணீர் ஆகிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு தடவை இப்படிச் செய்து பார்த்தவருக்கு எப்போது நிறுத்துவது என்று இனி யாரும் சொல்லத் தேவையில்லை.

வடிகட்டி, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கிளாஸில் ஊற்றுங்கள். ஒரு துளி ஐஸ்கூட உள்ளே விழக்கூடாது. தனி வடிகட்டி இல்லாவிட்டால் டீ வடிகட்டி போதும்.

இன்னும் ஒன்று பாக்கி, எலுமிச்சைத் தோல். நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையைவிடப் பெரிய மஞ்சள் எலுமிச்சையின் தோல் தடிமனாக இருப்பதால் வசதி. ஆரஞ்சுத் தோலும் நன்றாக இருக்கும், குராசாவோடு ஒத்துப்போகும். காய் சீவும் கத்தியால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டை எடுங்கள், வெள்ளைப் பகுதி வராமல். மஞ்சள் பக்கம் பானத்தைப் பார்க்கும்படி பிடித்து, இரண்டு விரலால் மடித்து நெரியுங்கள். விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் தோலிலிருந்து புகைபோல ஒரு தூவல் பாய்வது தெரியும். அது பானத்தின்மேல் விழுந்து, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற எண்ணெய்ப் படலமாகப் பரவும். கிளாஸை வாயருகே கொண்டுபோகும்போது மூக்குக்கு முதலில் கிடைப்பது அந்தப் படலம்தான். தோலை உள்ளே போடலாம், போடாமலும் விடலாம். நான் போடுவதில்லை, நேரம் ஆக ஆகக் கசப்பு இறங்குகிறது.

இந்தக் கிளாஸ் எவ்வளவு வலிமையானது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 42 சதவீத யெனேவர் 60 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 25 மில்லி. குராசாவிலிருந்து இன்னும் 2 மில்லி. கலக்கும்போது 15 முதல் 20 மில்லி நீர் சேரும், ஆக மொத்தம் 88 மில்லி அளவு வரும். அதில் ஆல்கஹால் 31 சதவீதம் வாக்கில். பார்க்கச் சின்னதாக, இனிப்பாக, மெதுவாக இறங்குவதாக இருந்தாலும் இது ஒரு முழு பெக். மெல்ல உறிஞ்சுவதற்கானது, மடக்கென்று விழுங்குவதற்கு அல்ல. குடித்துவிட்டு வண்டி எடுக்கவே கூடாது.

35 சதவீத பாட்டில் என்றால் இதே முறையில் செய்தால் 26 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ருசியும் தண்ணீராக இருக்கும். அங்கேதான் நான் முன்பு சொன்ன மாற்றம். யெனேவர் பாட்டிலையும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே குளிர்ந்த திரவத்தைக் குளிர்விக்க ஐஸ் அதிகம் உருகத் தேவையில்லை. 20 விநாடி கலக்கினால் போதும், 10 மில்லி நீர்தான் சேரும், பானம் 29 சதவீதத்தில் நிற்கும். பாகையும் முக்கால் டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஔடேயிலேயே கொஞ்சம் சர்க்கரை இருக்கலாம்.

ஓக் பீப்பாயில் வைத்த யெனேவரும் உண்டு. அப்படி லேபிளில் சொல்ல வேண்டுமென்றால் குறைந்தது ஒரு வருடம் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். அதைக் கலக்கும்போது குராசாவை எடுத்துவிட்டு, மராஸ்கினோ என்ற செர்ரி மதுவை அதே 5 மில்லி ஊற்றி, அப்சிந்த் ஒரே ஒரு துளி விடுங்கள். 1870-களில் அமெரிக்காவில் 'மேம்பட்ட' ஹாலண்ட் ஜின் காக்டெயில் என்று பெயர் வாங்கிய வடிவம் அது. அப்சிந்தில் சோம்பு மணம் தூக்கலாக இருக்கும், இரண்டாவது துளி விழுந்தால் தானிய மணம் போயே போய்விடும்.

யெனேவர் கிடைக்கவே இல்லை என்றால்? சாதாரண ஜின்னில் இதே அளவைப் போட்டுச் செய்யாதீர்கள், இனிப்பு ஒரு பக்கமும் ஜூனிப்பர் ஒரு பக்கமுமாக நிற்கும், சேராது. ஓக் வாசம் குறைவான மென்மையான விஸ்கி 40 மில்லியோடு ஜின் 20 மில்லி கலந்தால், யெனேவர் ஆகாவிட்டாலும் அதன் திசையாவது தெரியும். நல்ல ஔடே ஒரு பாட்டில் கைக்கு வரும்வரை பழகிக்கொள்ள அது உதவும்.

கூடச் சாப்பிட என்ன என்று கேட்டால், நெதர்லாந்தில் பதில் தயாராக இருக்கிறது: பிட்டர்பாலன். மாட்டிறைச்சிக் குழம்பைக் கெட்டியாக்கி, உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த உருண்டைகள், கடுகு விழுதைத் தொட்டுக்கொள்ள வேண்டும். அதில் கசப்பு எதுவும் கிடையாது. பிட்டர்ட்யே குடிக்கும்போது கூட வைத்ததால் அந்தப் பெயர். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு நம் ஊர்க் கட்லெட்டும் கடுகு விழுதும் அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும். நடுவில் கொதிக்கும், அவசரப்பட்டுக் கடித்தால் நாக்கு பொத்துப்போய் அப்புறம் யெனேவரின் ருசியே தெரியாது. ஒன்றைப் பிட்டு வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள்.

அதற்குள் கிளாஸின் வெளிப்பக்கம் பூத்த பனி வழிந்து காம்பு வரை இறங்கியிருக்கும். பானம் மைனஸிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். எலுமிச்சை எண்ணெயின் வாசனை ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். பிறகு பிட்டர்ஸின் கிராம்பும் பட்டையும் கொஞ்ச நேரம். கடைசி இரண்டு வாய் மிஞ்சியிருக்கும்போது கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். குளிரில் ஒடுங்கியிருந்த ரொட்டி மணம் மறுபடி எழுந்து வந்திருக்கும்.